செயின்சா ஏன் முகத்தை நோக்கித் துள்ளுகிறது?

புயலில் சாய்ந்த மரத்தைக் கழிக்கும்போது, உள்ளே மறைந்திருக்கும் கிளையில் செயின்சாவின் மூக்கு லேசாகப் படும். அவ்வளவுதான், மெஷின் கழுத்துக்கு வந்துவிடும்.

சங்கிலியைத் தாங்கும் பட்டையின் மேல்விளிம்பில் அது நம்மைவிட்டு விலகி ஓடி, பட்டையின் நுனியான மூக்கில் வளைந்து கீழிறங்குகிறது. மூக்கின் மேல்பாதியில் ஒரு பல் மரத்தில் சிக்கினால், முன்னும் கீழுமாகப் பாய்ந்த விசை எதிர்விசையாகப் பின்னும் மேலுமாகத் திரும்பும். நியூட்டனின் மூன்றாம் விதிதான். ஆனால் சங்கிலியின் வேகமோ நொடிக்குச் சுமார் 20 மீட்டர். நாம் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆகவே சுதாரிக்கும் வேலையை மெஷினிடமே விட்டார்கள். 1970களில் பரவிய செயின் பிரேக்கை இயக்கும் நெம்புகோல், முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் காப்புதான். துள்ளலில் இடது மணிக்கட்டு அதில் மோதும். மோதாவிட்டாலும் இன்றைய மெஷின்களில் காப்பின் சடத்துவமே போதும்: மெஷினின் உடல் பின்னால் எகிற, காப்பு பின்தங்கி பிரேக்கைத் தட்டிவிடும். எஃகு வளையம் கிளட்ச் டிரம்மை இறுக்கும், சங்கிலி நிற்கும்.

சிறிய மூக்குள்ள பட்டையும் உதவும். பல்லுக்கு முன்னுள்ள மேடு, பல் ஆழமாகக் கடிக்காமல் தடுக்கிறது. வேகமாக அறுக்கட்டும் என்று அதை அளவுக்கு மீறி ராவிவிடுகிறவர்களை என்ன சொல்ல!

பிரேக் சங்கிலியைத்தான் நிறுத்தும், துள்ளலை அல்ல. துள்ளலை அடக்க இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும்.