வியர்க்கும் கையும் வழுக்கும் கம்பமும்

தரையில் நட்ட உலோகக் கம்பம். உயரம் சுமார் 13 அடி. அதன் உச்சியில் ஒரு பெண். கால்கள் இரண்டும் அந்தரத்தில்! அவளைத் தாங்கி நிற்பவை இரண்டு உள்ளங்கைகள்தான்.

அந்தக் கைகள் வியர்த்துவிட்டால் என்ன ஆகும்?

கம்ப நடனம் பழகுகிற எல்லோரையும் ஆட்டி வைக்கும் கேள்வி இது. பலர் முதல் மாதத்திலேயே, "என் கை வியர்க்கிற கை, எனக்கு இது சரிப்படாது" என்று சொல்லிவிட்டு விலகிவிடுகிறார்கள். ஆனால் வியர்க்கும் கையோடு கம்பத்தில் ஏறி ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படி?

விடுதியிலிருந்து விளையாட்டுக்கு

மேல்நாடுகளில் கம்ப நடனம் ஒரு காலத்தில் இரவு விடுதிகளின் கேளிக்கை என்றே பெயர் பெற்றிருந்தது. இப்போது பல நகரங்களில் அது உடற்பயிற்சியாகக் கற்பிக்கப்படுகிறது. இதற்கென 2009-ம் ஆண்டில் சர்வதேச சம்மேளனம் ஒன்று தோன்றியது. 2012-ம் ஆண்டு முதல் உலகப் போட்டிகள் நடந்து வருகின்றன. 2017-ம் ஆண்டில் உலக விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்குப் பார்வையாளர் தகுதி அளித்தது.

போட்டிக் கம்பத்தின் பருமன் 45 மில்லி மீட்டர். மேடையில் இரண்டு கம்பங்கள் இருக்கும். ஒன்று அசையாதது, மற்றொன்று சுழல்வது.

கம்பத்தில் வித்தை காட்டுவது நமக்குப் புதிதல்ல. தெருவில் கழைக்கூத்து ஆடுவார்கள். கிருஷ்ண ஜெயந்திக்கு வழுக்கு மரம் ஏறுவார்கள். மராட்டியத்தில் வளர்ந்த மல்லர் கம்பம், தமிழ்நாட்டில் விழுப்புரத்துப் பிள்ளைகளிடமும் புகழ் பெற்றிருக்கிறது. 2019-ம் ஆண்டில் மல்லர் கம்பத்தின் முதல் உலகப் போட்டி மும்பையில் நடந்தது.

மல்லர் கம்பத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மரக் கம்பத்துக்கு அவர்களே ஆமணக்கு எண்ணெய் தடவுகிறார்கள்! உடம்பு மரத்தில் உராய்ந்து தோல் உரியாமல் இருப்பதற்காக இப்படிச் செய்கிறார்கள். உலோகக் கம்பத்தில் ஆடுகிறவர்களுக்கோ எண்ணெய்ப் பசைதான் முதல் எதிரி. கம்பத்துக்குக் கம்பம் பிடிக்கும் முறை மாறும்.

கை ஏன் வியர்க்கிறது?

மனித உடம்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. அவை மிகவும் நெருக்கமாக அமைந்திருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான்.

முதுகும் நெற்றியும் வெயிலுக்கு வியர்க்கும். உள்ளங்கை அப்படியல்ல. அது பெரும்பாலும் மனத்துக்கு வியர்க்கும்! பரீட்சை, பேட்டி, மேடை, உயரம் என்று எதைக் கண்டு பயந்தாலும் நரம்பு வழியே உத்தரவு போகிறது; கை நனைகிறது.

கம்பத்தில் தொங்குகிறவருக்கு இங்கேதான் சங்கடம். கை வழுக்குமோ என்று பயப்படுகிறார். பயத்தால் கை வியர்க்கிறது. வியர்த்ததும் கை உண்மையிலேயே வழுக்குகிறது. வழுக்கியதும் பயம் இரட்டிப்பாகிறது!

கொஞ்சம் ஈரம் நல்லது

வயலில் இறங்கும் உழவர் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டுதான் மண்வெட்டியைப் பிடிப்பார். அதில் நியாயம் இருக்கிறது. மிகவும் உலர்ந்த தோல் சரியாகப் பிடிக்காது. சிறிது ஈரம் பட்டால் தோல் மிருதுவாகிப் பிடியோடு நன்றாக ஒட்டும். ஈரம் மிஞ்சினாலோ கைக்கும் பிடிக்கும் நடுவே தண்ணீர் ஏடு படரும். அப்போதுதான் வழுக்கும்.

ஆகவே கையைக் கட்டையாகக் காய வைக்க வேண்டியதில்லை. மிஞ்சிய ஈரத்தை எடுத்தால் போதும்.

ஆடுகிறவர்கள் செய்வது என்ன?

முதல் வேலை சுத்தம். பயிற்சி நாளன்று கையிலும் காலிலும் எண்ணெய், களிம்பு, குளிர்ச்சிக் கிரீம் எதுவும் தடவுவதில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வருகிறார்கள்.

இரண்டாவது வேலை கம்பத்தைத் துடைப்பது. முந்தி ஆடியவரின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அதில் படிந்திருக்கும். சாராய ஆவி கலந்த துடைப்பு மருந்தைத் துணியில் நனைத்துத் துடைக்கிறார்கள். அது சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு துடைக்க வேண்டும்.

மூன்றாவது வேலை பொடி பூசுவது. ஜிம்னாஸ்டிக் வீரர்கள் கையில் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடியைப் பார்த்திருப்பீர்கள். அது மக்னீசியம் கார்பனேட். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதையே சாராயத்தில் கலந்து திரவமாகவும் விற்கிறார்கள். கையில் தேய்த்தால் சாராயம் ஆவியாகிப் போகும். பொடி மட்டும் மெல்லிய பூச்சாகத் தங்கும். சிறிதளவு எடுத்து, முழுவதும் உலர்ந்த பிறகே கம்பத்தைத் தொட வேண்டும். அள்ளிப் பூசினால் பொடியே உருண்டு வழுக்கும்.

இன்னொரு வகை, ஒட்டும் பசை. பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது ரோசின். வயலின் வில்லுக்குத் தேய்ப்பதும் அதுதான். சர்க்கஸ்காரர்களுக்குப் பழக்கமான சரக்கு. ஆனால் அது கம்பத்தில் படிந்து நிற்கும். அடுத்து ஆடுகிறவருக்கு இடைஞ்சல். ஆகவே ஆசிரியரைக் கேட்காமல் பூசக் கூடாது.

கை நிறைய வியர்க்கிறவருக்கு ஈரத்தை உறிஞ்சுவதே தேவை. கை மிகவும் வறண்டவருக்கு ஒட்டும் பசை உதவும். தம் கை எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல், தோழி வாங்கினாள் என்று தாமும் வாங்கினால் பணம்தான் வீண்.

முகப் பவுடர் வேண்டாம்!

வீட்டிலே இருக்கிறதே என்று சிலர் முகத்துக்குப் போடும் பவுடரைக் கையில் பூசிக்கொள்கிறார்கள். இது ஆபத்து! அதில் உள்ள டால்க் இயல்பிலேயே வழவழப்பானது. வியர்வையோடு சேர்ந்தால் குழம்பாகிவிடும். பிடி கூடுவதற்குப் பதில் குறையும்.

கம்பமும் காற்றும்

கம்பத்தின் உலோகத்துக்கும் இதில் பங்கு உண்டு. பளபளக்கும் குரோமியக் கம்பத்தைவிடப் பித்தளைக் கம்பம் வியர்க்கும் கைக்கு நன்றாகப் பிடி கொடுக்கும் என்பது ஆடுகிறவர்களின் அனுபவம்.

கம்பம் ஜில்லென்று இருந்தால் காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் பனி போலப் படியும். ஆகவே ஆடுவதற்கு முன் துணியால் தேய்த்துக் கம்பத்தைச் சிறிது சூடேற்றுகிறார்கள். புழுக்கமான அறையில் மின்விசிறியும் திறந்த ஜன்னலும் பாதிக் கவலையைத் தீர்க்கும்.

கை மட்டுமே பிடியல்ல

எல்லாவற்றையும்விட முக்கியமான ரகசியம் இது. தேர்ந்தவர்கள் கையை மட்டும் நம்புவதில்லை. முழங்காலின் மடிப்பு, தொடை, அக்குள், முழங்கையின் உட்புறம் எல்லாவற்றாலும் கம்பத்தைப் பற்றுகிறார்கள். துணி வழுக்கும், தோல் பற்றும். அவர்கள் குட்டையான உடை அணிவதற்குக் காரணம் இதுதான்.

புதிதாகப் பழகுகிறவர் முதலில் காலால் கம்பத்தை இறுக்கி உட்காரப் பழக வேண்டும். அப்போது கை நழுவினாலும் உடம்பு நழுவாது. முன்கைக்கு வலு ஏற்றுவதும் அவசியம். தரைக்குப் பக்கத்திலேயே சில விநாடிகள் தொங்கி, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டினால் விரல்கள் உரம் பெறும்.

கம்பத்தின் அடியில் தடித்த மெத்தை இருக்க வேண்டும். பக்கத்தில் ஆசிரியர் நிற்க வேண்டும். கை லேசாக நழுவத் தொடங்கியதுமே இறங்கிவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்ற ஆசைதான் எலும்பை முறிக்கும். தலைகீழாகத் தொங்கும்போது விழுந்தால் கழுத்துக்கே ஆபத்து.

மனத்தைத் தணிக்கவும் வழி உண்டு. ஏறுவதற்கு முன் நிதானமாக மூச்சை இழுத்து, மெதுவாக விட வேண்டும். ஒவ்வொரு அசைவையும் தரைக்குப் பக்கத்தில் பலமுறை செய்து பழகியவருக்கு உயரத்தில் பயம் குறையும். பயம் குறைந்தால் வியர்வையும் குறையும்.

எப்போது வைத்தியரிடம் போவது?

சிலருக்குக் காரணமே இல்லாமல் கை சொட்டச் சொட்ட வியர்க்கும். எழுதும் தாள் நனையும். கை குலுக்கக் கூச்சப்படுவார்கள். இது சிறு வயதிலோ வாலிபத்திலோ தொடங்கும். பல குடும்பங்களில் தாய்க்கும் இருக்கும், பிள்ளைக்கும் இருக்கும். பெரும்பாலும் தூங்கும்போது வியர்க்காது.

இதற்குச் சிகிச்சை உண்டு. அலுமினிய உப்புக் கலந்த மருந்தை இரவில், உலர்ந்த கையில் தடவச் சொல்வார்கள். ஆழமில்லாத தண்ணீர்த் தட்டில் கையை வைத்து, மென்மையான மின்சாரம் செலுத்தும் முறையும் உண்டு. அதை வைத்தியர் சொன்னபடியே செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், இதயத்துக்குக் கருவி பொருத்தியவர்களுக்கும் அது ஆகாது.

போட்டுலினம் ஊசி போட்டால் சில மாதங்களுக்கு வியர்வை குறையும். ஆனால் கைத் தசை தற்காலிகமாகத் தளரலாம். பிடியை நம்பி ஆடுகிறவர் இதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வியர்வையை அடக்கும் மாத்திரையிலும் எச்சரிக்கை தேவை. உடம்பு முழுவதும் வியர்வை குறைந்தால், பயிற்சியின்போது சூடு தணிய வழி இருக்காது.

மார்புக்குள் நரம்பை வெட்டும் அறுவைச் சிகிச்சை கடைசி வழி. கை உலரும். ஆனால் முதுகும் வயிறும் அளவுக்கு மீறி வியர்க்கத் தொடங்கலாம். அது தீராமலே நின்றுவிடுவதும் உண்டு.

வழக்கமில்லாத வியர்வை திடீரென்று வந்தாலோ, இரவில் படுக்கை நனைந்தாலோ, கூடவே படபடப்பும் உடல் மெலிவும் இருந்தாலோ தாமதிக்கக் கூடாது. தைராய்டு போன்ற வேறு கோளாறு இருக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளையின் கை வியர்க்கிறது என்றால், "ஏன் இப்படிப் பயந்து சாகிறாய்?" என்று அதட்டாதீர்கள். அதட்டினால் இன்னும் வியர்க்கும்! அது கோழைத்தனம் அல்ல, நரம்பின் குணம்.

கம்பமானாலும் கயிறானாலும் கிரிக்கெட் மட்டையானாலும் சட்டம் ஒன்றுதான். கையைக் கழுவு, துடை, அளவாகப் பூசு, நழுவினால் இறங்கு. துணிச்சல் என்பது நழுவும் கையோடு தொங்கிக் கொண்டிருப்பதல்ல. இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் ஏறுவதுதான்!