நாக்குக் கணக்கு – 17: மெலிந்த சுருட்டு, முழுச் சுவை

போன வாரம் குன்னூர்த் தேயிலை ஏலத்துக்கு முன்னால் நடக்கும் சுவை பார்ப்பைப் பற்றி எழுதியிருந்தேன். கரண்டியில் மொண்டு, சர்ரென்று உறிஞ்சி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுவார்கள். இந்த வாரச் சரக்கிடம் அந்த அவசரம் செல்லாது. ஒன்றைப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எரித்துத்தான் பார்க்க வேண்டும் என்பதால், தீர்ப்பு எழுதும்போது கையில் பொருள் இருக்காது.

கியூபாவின் கொஹீபா லான்செரோ. நீளம் 192 மில்லிமீட்டர், விட்டம் 15 மில்லிமீட்டர் சொச்சம். சுருட்டு வியாபாரத்தில் ஓர் அங்குலத்தை 64 பங்காக்கித் தடிமனைச் சொல்வது வழக்கம்; அந்தக் கணக்கில் இது 38. இன்றைக்குப் பணம் உள்ளவர்கள் தேடி வாங்குவதெல்லாம் 50, 52, 54 என்று கட்டைவிரல் தடிமனுக்கு இருப்பவை. கொஹீபாவே 2010இல் கொண்டுவந்த பெஹீக்கே வரிசையில் மிக மெல்லியது 52தான். பருமனாக இருந்தால்தான் சுவை பலமாக இருக்கும் என்ற நம்பிக்கை இதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்று காட்ட லான்செரோவைவிட நல்ல சாட்சி கிடையாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் 'காரம்' என்று ஒன்றைச் சொல்வார்கள். தொண்டையைப் பிடிக்கும், நெற்றி வேர்க்கும், பழகாதவருக்குத் தலை கிறுகிறுக்கும். அது நிகோடின் செய்கிற வேலை. சுவை வேறு சமாசாரம். காரம் மட்டாகவும் சுவை நிறைவாகவும் இருக்கலாம். காரம் மண்டையில் ஏறி, சுவை என்று சொல்ல ஒன்றுமே இல்லாமலும் போகலாம். கியூபத் தொழிற்சாலைகளில் தினசரி உற்பத்தியைச் சோதிக்கும் சுவைஞர்கள் இரண்டையும் சேர்த்துக் குழப்புவதில்லை. இழுவை, எரிவு, காரம், மணம், சுவை எல்லாவற்றையும் தனித்தனியாகவே பார்க்கிறார்கள். ஒரு சுருட்டில் ஆரம்பத்துக் கொஞ்சத்தை மட்டும் பிடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். நடுவில் வாயைச் சுத்தம் செய்ய அவர்கள் குடிப்பது சர்க்கரை போடாத தேநீர். குன்னூர்க்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

லான்செரோவின் பிறப்புக் கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். 1960களின் நடுவில் ஃபிடல் காஸ்ட்ரோவின் மெய்க்காவலர் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்த சுருட்டின் வாசனை தலைவரின் மூக்கைத் தொட்டது. விசாரித்தால், அது எந்தக் கம்பெனிச் சரக்கும் இல்லை. எட்வர்டோ ரிவேரா என்ற நண்பர் தன் கைப்படச் சுற்றிக் கொடுத்தது. அந்தக் கலவையும் அந்த ஒல்லி வடிவமும் காஸ்ட்ரோவுக்குப் பிடித்துப்போயின. ஹவானாவின் மேற்குப் புறநகரில், எல் லாகீத்தோ என்ற இடத்தில், பழைய செல்வந்தர் மாளிகை ஒன்றில் சுற்றும் வேலை தொடங்கியது. மேசைகளில் உட்கார்ந்தவர்கள் பெண்கள். அதுவரை இலையைத் தரம் பிரிப்பதும் நடுநரம்பை உரிப்பதும்தான் பெண்களுக்கு என்றும், சுற்றுவது ஆண்களுக்கு என்றும் இருந்த தொழில் அது.

கொஹீபா என்ற பெயர் வந்தது 1966இல். அதன்பிறகும் பல வருடங்கள் அது கடைக்கு வரவில்லை. அரசு விருந்தாளிகளுக்கும் வெளிநாட்டுத் தலைவர்களுக்கும் பரிசாகப் போனது. 1982இல் வெளிச்சந்தைக்கு வந்தபோது மூன்றே அளவுகள். லான்செரோ, அதே 38 தடிமனில் 152 மில்லிமீட்டர் நீளமுள்ள கொரோனா எஸ்பெஸியல், 115 மில்லிமீட்டரில் வெறும் 26 தடிமனுள்ள பானெத்தேலா. மூன்றுமே ஒல்லி. உலகின் மிகப் பெரிய பெயர் பெற்ற சுருட்டு, ஒரு தடித்த சுருட்டுகூட இல்லாமல்தான் சந்தைக்குள் நுழைந்தது.

சுவை எங்கிருந்து வருகிறது? இலை, பினார் தெல் ரியோ மாகாணத்தின் வுவெல்தா அபாஹோ பகுதியிலிருந்து. அதிலும் சான் ஹுவான் இ மார்த்தீனெஸ், சான் லூயிஸ் வட்டாரங்களின் தேர்ந்தெடுத்த தோட்டங்களிலிருந்து. ஒரே செடியில் உச்சி இலை வெயிலை முழுக்க வாங்கி எண்ணெய்ப் பிசுக்கோடு தடித்திருக்கும். அதன் பெயர் லிஹெரோ, காரம் அதில். நடு இலை செக்கோ, மணம் அதில். கீழ் இலை வொலாதோ, தீ அணையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இந்த மூன்றும் சேர்ந்தது உள்கட்டு. அதை ஓர் இலை இறுக்கிக் கட்டும். அதற்கு மேல், துணிப் பந்தலுக்குக் கீழே வெயில் படாமல் வளர்த்த மெல்லிய மேல் இலை.

கொஹீபாவில் மற்ற கியூபச் சுருட்டுகளில் இல்லாத ஒரு படி உண்டு. எல்லா இலையும் குவியலாக அடுக்கிப் புளிக்க வைக்கப்படும். கொஹீபாவுக்குப் போகும் லிஹெரோவும் செக்கோவும் பீப்பாயில் மூன்றாவது முறையும் புளிக்கின்றன. அமோனியாவின் நெடி இன்னும் அடங்குகிறது, முரட்டுத்தனம் குறைகிறது. காரத்தைத் தட்டி வைத்து, சுவைக்கு இடம் விடுவதற்கான ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம்.

அடுத்தது கணிதம். 52 தடிமனோடு ஒப்பிட்டால் 38இன் குறுக்கு வெட்டுப் பரப்பு பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. ஆனால் சுற்றளவு முக்கால் பங்குக்கு நெருங்கி வருகிறது. அதாவது உள்ளே இலை பாதியாகக் குறைந்தாலும் மேல் இலை அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் மேல் இலையின் பங்கு மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் கூடுகிறது. சுருட்டில் பார்த்துப் பார்த்து வளர்க்கப்படுவதும், விலை மிகுந்ததும் அந்த இலைதான். ஒல்லிச் சுருட்டின் 'முழுச் சுவை'யில் மாயம் ஒன்றுமில்லை. பெரும்பகுதி இந்த விகிதாசாரம்தான்.

அதற்கான விலையைச் சுற்றுகிறவர் கொடுக்கிறார். தடித்த சுருட்டில் பல இலைகள் இருப்பதால் ஒன்று கோணினாலும் காற்று வேறு வழியாகப் போய்விடும். இங்கே இருப்பதே சில இலைகள். அவை 192 மில்லிமீட்டருக்கு முறுக்கிக்கொள்ளாமல் ஓட வேண்டும். ஓரிடத்தில் முடிச்சு விழுந்தாலும் இழுவை அடைத்துவிடும். 1990களின் பிற்பாதியில் உலகெங்கும் சுருட்டு மோகம் கிளம்பி, கியூபா உற்பத்தியை அவசரமாக ஏற்றியபோது, புதிதாகப் பழகிய கைகள் சுற்றிய சுருட்டுகள் அடைத்துக்கொள்கின்றன என்று எங்கும் புலம்பல். 2000க்குப் பிறகு தொழிற்சாலைகளில் இழுவை பார்க்கும் இயந்திரம் வந்தது. மேல் இலை சுற்றுவதற்கு முன் உள்கட்டைச் செருகினால், காற்று எவ்வளவு தடையோடு போகிறது என்று முள் காட்டும். தேறாதவை அங்கேயே பிரிக்கப்படும்.

சரி, கையில் எடுப்போம். பற்றவைப்பதற்கு முன்பே பாதித் தீர்ப்பு எழுதிவிடலாம். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் மேல் இலையில் மெல்லிய எண்ணெய் மினுமினுப்பு தெரிய வேண்டும். நரம்புகள் புடைத்திருக்கக் கூடாது. ஊசி குத்தியது போன்ற துளை இருந்தால் புகையிலை வண்டு உள்ளே குடியிருந்து போயிருக்கிறது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, அடியிலிருந்து தலைவரை மெல்ல அமுக்கிக்கொண்டே போங்கள். ஒரே சீராக, லேசாகக் கொடுத்து மீள வேண்டும். கடினமாக ஒரு கணு தட்டினால் அங்கே இழுவை திணறும். தொளதொளவென்று இருந்தால் அந்த இடம் வேகமாக எரிந்து சுடும். லான்செரோவின் தலையில் பன்றிவால் மாதிரி ஒரு சின்ன முறுக்கு இருக்கும். அதைக் கிள்ளிவிட்டு, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் வெட்டினால் போதும். இன்னும் கீழே வெட்டினால் மேல் இலை சுருள் சுருளாகப் பிரிந்துவிடும்.

பற்றவைக்காமலே ஒரு முறை இழுத்துப் பார்ப்பது முக்கியம். காய்ந்த புல், கொஞ்சம் உலர்திராட்சை, தேவதாரு மரப்பெட்டியின் வாசனை. காற்று சிரமமில்லாமல், அதே சமயம் லேசான தடையோடு வர வேண்டும். பெட்ரோல் லைட்டர், மெழுகுவத்தி இரண்டும் வேண்டாம். அவற்றின் வாடை முதல் அங்குலத்தில் ஏறிக்கொள்ளும். மரத் தீக்குச்சியோ பியூட்டேன் லைட்டரோ போதும். சுவாலை படாமல், அதன் சூட்டில் மட்டும் அடியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினால், சிறிய வட்டம் என்பதால் சீக்கிரமே கனன்றுவிடும்.

இனிமேல்தான் பிடிக்கிறவருக்குப் பரீட்சை. தடித்த சுருட்டை இழுக்கிற அதே வேகத்தில் இதை இழுத்தால், குறுகிய ஊதுகுழலில் ஊதினால் அடுப்புக் கங்கு சட்டென்று சிவக்கிற மாதிரி, இதன் கங்கும் கொதித்துவிடும். அதே அளவு காற்று பாதிப் பரப்பின் வழியே போகிறது அல்லவா? சூடேறினால் கசப்பு, நாக்கின் நுனியில் எரிச்சல். ஒரு தடவை அப்படிச் சுட்டுவிட்டால் அடுத்த பத்து நிமிடத்துக்குச் சுருட்டு நம்மோடு பேசாது. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்பது பொதுவான விதி. லான்செரோவுக்கு அதையும் தளர்த்தி, இழுப்பைச் சின்னதாக்க வேண்டும். 'இந்தச் சுருட்டு கசக்கிறது' என்று எழுதப்பட்ட மதிப்பீடுகளில் பாதி, பிடித்தவரின் அவசரத்தைப் பற்றிய மதிப்பீடுகள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

புகையை நுரையீரலுக்குள் விடுவதில்லை. வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மூக்கு வழியாக மெல்ல வெளியே விட வேண்டும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சில மட்டும்தான். தேன், கொக்கோ, தோல் என்று நாம் பட்டியல் போடுவதெல்லாம் மூக்கின் சொத்து. இந்தப் பழக்கம் கைவராமல் சுருட்டின் சுவை பற்றிப் பேசுவது சளி பிடித்தவர் ரசத்துக்கு மார்க் போடுவதற்குச் சமம்.

பிரெஞ்சுக்காரர்கள் சுருட்டை மூன்றாகப் பிரித்து முதல் பாகத்துக்கு வைக்கோல், நடுப் பாகத்துக்குத் தெய்வீகம், கடைசிக்குச் சாணிக் கரைசல் என்று குறும்பாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். லான்செரோவில் முதல் பாகம் உண்மையிலேயே வைக்கோல்தான். ஆனால் வெயிலில் காய்ந்த புதுவைக்கோல், அடியில் ஒரு தேன் இழை. மூக்கு வழியாக விட்டால் வெள்ளை மிளகு. நடுப்பகுதியில் வறுத்த காப்பிக்கொட்டையும் இனிப்பில்லாத கொக்கோவும் ஏறிவரும்; கூடவே தேவதாரு. காரம் இங்கேதான் மெதுவாகத் தலைகாட்டும். முரட்டுத்தனமாக இல்லை, நெஞ்சில் லேசான கனம் மட்டும். இந்த நடுப்பகுதிக்காகத்தான் மற்றதெல்லாம். கடைசிப் பாகத்தில் தோல், மண், சூடு. விரலில் வெப்பம் தெரிய ஆரம்பித்ததும் என் மதிப்பீட்டை நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் பேசுவது இலை இல்லை, நெருப்பு. நசுக்கி அணைக்க வேண்டியதில்லை. தட்டில் வைத்துவிட்டால் தானே அணைந்துவிடும். நசுக்கினால்தான் அறை முழுக்க நாற்றம்.

சாம்பலையும் பார்க்கச் சொல்வார்கள். வெளிறிய சாம்பல் நிறத்தில், உதிராமல் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சாம்பலை வைத்துச் சுருட்டைக் கண்டுபிடிக்கும் வித்தைக்கு உலகப் புகழ் பெற்றது நம் ஊர்ச் சுருட்டுதான்: 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், கருத்து உதிரும் சாம்பலைப் பார்த்துக் கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். நிஜத்தில் சாம்பல் அவ்வளவு பேசாது. எரிவு வளையம் கோணாமல் போகிறதா என்று பார்ப்பது அதைவிடப் பயன்.

பத்திரிகைகள் நூற்றுக்கு மார்க் போடுகின்றன. பட்டையைக் கழற்றி, எந்தச் சுருட்டு என்று தெரியாமல் பிடிக்கிறார்கள். நேர்மையான முறைதான். ஆனால் மெலிந்த சுருட்டில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இழுவை மாறும் என்பதால், ஒன்றைப் பிடித்துவிட்டு எழுதும் 93க்கும் 88க்கும் நான் பெரிய மரியாதை தருவதில்லை. ஒரே பெட்டியில் மூன்று, வெவ்வேறு நாளில், காலையில், வெறும் வயிறாக இல்லாமல். அதன்பிறகு எண் போடட்டும். பெட்டியின் அடியில் அடித்திருக்கும் முத்திரையில் மாதமும் வருடமும் இருக்கும். புதுப் பெட்டியானால் அமோனியா நெடிக்குத் தள்ளுபடி கொடுக்க வேண்டும். சில வருடம் கிடந்தால் அது போய்விடும். கண்ணாடி மூடி போட்ட கொஹீபாப் பெட்டி என்று யாராவது நீட்டினால் முத்திரையைத் தேட வேண்டாம். அது போலி.

புகையை விழுங்காவிட்டால் ஆபத்தில்லை என்பது சுருட்டுக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்வது. சுருட்டுப் புகை, வேதியியல் அர்த்தத்தில், காரத்தன்மை உள்ளது. நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறும். வாய்ப் புற்றுக்கு நுரையீரல் வழி தேவையில்லை. இந்த லான்செரோவை உலகுக்குக் கொடுத்த காஸ்ட்ரோவே 1985இல் புகைப்பதை விட்டுவிட்டார்.

பணத்துக்குத் தகுமா? 2022இல் கொஹீபாவுக்கும் இன்னொரு கியூபச் சுருட்டான டிரினிடாடுக்கும் உலகெங்கும் ஹாங்காங் விலையை ஒட்டி ஒரே விலை வைத்தபோது, பல ஊர்களில் அது இரண்டு மடங்கையும் தாண்டியது. அந்த விலைக்கு எந்த இலையும் தகாது என்பதே என் பதில். இதே 192-க்கு-38 அளவில் மொண்டெகிறிஸ்டோ எஸ்பெஸியல் உண்டு. பீப்பாய்ப் புளிப்பு இல்லாததால் கொஞ்சம் கரடுமுரடு, காப்பிச் சுவை முன்னே நிற்கும், விலை குறைவு. டிரினிடாட் ஃபுந்தாதோரெஸ் தடிமனில் இரண்டு கூடி 40, இன்னும் சாதுவானது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லான்செரோ ஜெயிப்பது நடுப்பகுதியின் அடர்த்தியில் மட்டும்தான். முதல் பாகத்தில் எனக்கு ஃபுந்தாதோரெஸ்தான் மேல். இதைச் சொன்னால் கொஹீபா பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள்.

(அடுத்த வாரம்: மழை பெய்த மண்ணின் வாசனையைக் குப்பியில் அடைக்கும் கன்னோஜ் அத்தர்க்காரர்கள்)