சுழிகுளம்

சுழிகுளம் என்பது தமிழ்ச் சித்திரகவி வகைகளுள் ஒன்றாகும். குளத்து நீர் ஓரத்திலிருந்து சுழன்று நடுவில் அடங்குவதுபோல, இதன் எழுத்துகளைப் புறத்தே தொடங்கி உள்ளே முடியுமாறு படிக்கலாம். தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் இதனைக் கூறுகிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர் 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய மாறனலங்காரமும் சித்திரகவிகளை விரிவாக விளக்கும் நூலாகும். பழைய திருநெல்வேலி மாவட்டத்து ஊராகிய ஆழ்வார்திருநகரி இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது.

விதிகள்

1. அடிக்கு 8 எழுத்தாக 4 அடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக 32 கட்டங்களில் எழுத வேண்டும். மெய்யெழுத்தும் ஓர் எழுத்தாகக் கொள்ளப்படும்.
2. முதல் நிரலை மேலிருந்து கீழாகவும், தொடர்ந்து எட்டாம் நிரலைக் கீழிருந்து மேலாகவும் படித்தால் முதல் அடியே வர வேண்டும்.
3. அவ்வாறே 2, 7ஆம் நிரல்கள் இரண்டாம் அடியையும், 3, 6ஆம் நிரல்கள் மூன்றாம் அடியையும், 4, 5ஆம் நிரல்கள் நான்காம் அடியையும் தர வேண்டும்.
4. செய்யுள் பொருள் தருவதாக அமைய வேண்டும்.

எளிய பயிற்சி

முழு வடிவத்துக்கு முன், 2 அடியும் அடிக்கு 4 எழுத்தும் கொண்ட சிறு கட்டத்தில் விதியைப் பழகலாம்.

க | வி | தை | யா
வி | டு | க | தை

முதல் நிரலில் இறங்கிக் கடைசி நிரலில் ஏறினால் "கவிதையா". இரண்டாம் நிரலில் இறங்கி மூன்றாம் நிரலில் ஏறினால் "விடுகதை".

எழுத்துக் கணக்கு

முழு வடிவத்தில் ஒரே எண்ணுள்ள கட்டங்களில் ஒரே எழுத்து வரும்.

1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 | 8
2 | 9 | 10 | 11 | 12 | 13 | 14 | 7
3 | 10 | 15 | 16 | 17 | 18 | 13 | 6
4 | 11 | 16 | 19 | 20 | 17 | 12 | 5

ஆகவே புலவர் தேர்ந்தெடுக்க வேண்டியவை 20 எழுத்துகளே. மற்ற 12 கட்டங்கள் தாமே நிரம்பிவிடும். அருமை எதில் என்றால், அப்படி வந்து விழும் எழுத்துகளையும் சேர்த்துப் பொருளுள்ள சொற்களாக்குவதில்தான். முதல் அடியை எழுதியவுடனேயே மற்ற மூன்று அடிகளின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் முடிவாகிவிடுகின்றன.

பயன்

சுழிகுளம் வெறும் சொல்விளையாட்டு அன்று. ஏட்டில் ஓர் எழுத்து செல்லரித்துப் போனாலும், படியெடுப்பவர் பிழைபட எழுதினாலும், இணைக் கட்டத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். 24 கட்டங்களுக்கு இப்பாதுகாப்பு உண்டு. மேல்மூலைகள் இரண்டிலிருந்தும் நடுவை நோக்கிச் சாய்ந்திறங்கும் 8 கட்டங்களுக்கு மட்டும் இணை இல்லை. அவற்றில் அழிந்த எழுத்தைப் பொருள் நோக்கியே மீட்க வேண்டும்.