ஜான், யஹ்யா, அருளப்பன்: ஒரு பெயரின் பல வடிவங்கள்

ஆங்கிலத்தில் ஜான், ஸ்பானிய மொழியில் ஹுவான், ரஷ்ய மொழியில் இவான், தமிழில் யோவான். ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போல ஒலிக்கும் இப்பெயர்கள் யாவும் யோஹனான் என்ற ஒரே எபிரேயப் பெயரிலிருந்து பிறந்தவை. 'கடவுள் அருள்புரிந்தார்' என்பது அப்பெயரின் பொருளாகும்.

இயேசுவுக்குத் திருமுழுக்கு அளித்தவரும், அவருடைய சீடர்களில் ஒருவரும் இப்பெயரைக் கொண்டிருந்தனர். இதனால் கிறிஸ்தவம் பரவிய நாடுகளிலெல்லாம், கிரேக்கம், லத்தீன் ஆகிய மொழிகளின் வழியாக இப்பெயரும் பரவியது. ஜான்சன், ஜோன்ஸ், எவன்ஸ், இவானோவ் போன்ற குடும்பப் பெயர்களும் இதிலிருந்தே தோன்றின.

இருமுறை வந்த பெயர்

சில இடங்களுக்கு இப்பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சென்றது. அயர்லாந்தில் லத்தீன் வழியாக ஓயின் என்ற வடிவம் முதலில் உருவானது. 12ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் அங்கு கால்பதித்த பின்னர், பிரெஞ்சு வடிவத்திலிருந்து ஷான் என்ற பெயர் தோன்றியது. இரண்டும் இன்றளவும் வழக்கில் உள்ளன.

அருளும் வாழ்வும்

திருமுழுக்கு அளித்த யோவானைத் திருக்குர்ஆன் யஹ்யா நபி என்று குறிப்பிடுகிறது. அரபு மொழி பேசும் கிறிஸ்தவர்களோ அவரை யூஹன்னா என்று அழைக்கின்றனர். யஹ்யா என்பதை அரபுச் சொல்லாகக் கொண்டால் 'அவர் வாழ்கிறார்' என்று பொருள்படும். இது எபிரேயப் பெயரின் திரிபா, தனிப்பெயரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. ஆயினும் பெயர் சுட்டும் மனிதர் ஒருவரே.

தமிழில் இரு வழிகள்

தமிழில் இப்பெயர் ஒலியாகவும் வந்தது, பொருளாகவும் வந்தது. சீர்திருத்தத் திருச்சபையினர் யோவான் என்று ஒலிபெயர்த்தனர். கத்தோலிக்கர்கள் பொருளை எடுத்துக்கொண்டு அருளப்பர் என்றனர். அருளப்பன் என்ற பெயர் அவ்வாறு பிறந்ததே. லிஸ்பனில் பிறந்து 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட போர்த்துக்கேயத் துறவி ஜான் தெ பிரிட்டோ, தமிழ் மக்களிடையே அருளானந்தர் என்றே அறியப்படுகிறார். 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், யோவான் என்ற வடிவத்தையே ஏற்றுக்கொண்டது.

இவ்விரு வழிகளிலும் ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை இழக்க நேரிடுகிறது. ஒலிபெயர்த்தால் பிறமொழியினருடனான உறவு தெரிகிறது, ஆனால் பொருள் மறைந்துவிடுகிறது. மொழிபெயர்த்தால் பொருள் விளங்குகிறது, ஆனால் உறவு மறைகிறது. அருளப்பன் என்பவரும் தாமும் ஒரே பெயரைத் தாங்கியவர்கள் என்பதை ஜான் என்ற ஆங்கிலேயர் அறிய வழியில்லை.

ஆவணங்களில் சிக்கல்

புலம்பெயர்ந்தோருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில், வீட்டில் ஷான் என்று அழைக்கப்பட்டவர் அரசுப் பதிவேட்டில் ஜான் ஆனார். தேவாலயத்தின் லத்தீன் பதிவேட்டில் அவரே யோஹான்னெஸ் ஆனார். முன்னோரைத் தேடுவோர் இம்மூவரும் ஒருவரே என்று கண்டறிய வேண்டியுள்ளது.

தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். திருமுழுக்குச் சான்றிதழில் ஜான் என்றும், பள்ளிச் சான்றிதழில் அருளப்பன் என்றும் இருந்தால், இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்பது குடியேற்ற அதிகாரிக்குச் சான்றாகாது. அவர் எழுத்துகளையே ஒப்பிடுவார். பெயர்களுக்கிடையேயான உறவை அறிந்தவர்கள் குடும்பத்தின் மூத்தவர்களே. அவர்கள் இருக்கும்போதே அதை எழுத்தில் பதிந்துவைப்பது, பின்வரும் தலைமுறைக்குப் பேருதவியாக அமையும்.