நெல் பணத்துக்கு மூன்று பூட்டு

அறுவடை நேரத்தில் நெல்லுக்குக் காவல் என்றால், முன்பெல்லாம் களத்திலேயே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வார்கள். இன்று நேரடி கொள்முதல் நிலையத்தில் விற்ற நெல்லுக்கான பணம் நேராக வங்கிக் கணக்கில் ஏறுகிறது. குறுவையோ சம்பாவோ, ஒரு போகத்தின் உழைப்பு முழுக்க செல்போனுக்குள் வந்துவிட்டது. அதற்கு யார் காவல்?

அந்தக் காவலைக் கற்றுத்தருவதுதான் தகவல் பாதுகாப்புப் படிப்பு. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸில் சைபர் செக்யூரிட்டிக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி.காமகோடி நடத்திய அறிமுகப் பாடங்களை என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். எங்கே படித்தாலும் அடிப்படைப் பாடம் மூன்று சொற்கள்தான்: ரகசியம், மாறாமை, கிடைத்தல்.

ரகசியம்: உரியவர் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது. ஓ.டி.பி.யும் பின் நம்பரும் இந்த வகை. ஒன்றை மறக்காதீர்கள். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பத்தான் பின் வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம்.

மாறாமை: எழுதியது எழுதியபடியே இருக்க வேண்டும். நாகப்பட்டினத்து சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமம் தானமாகக் கொடுக்கப்பட்டதைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேட்டில் 21 ஏடுகள். எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து, அதில் ராஜேந்திர சோழனின் முத்திரையைப் பதித்திருக்கிறார்கள். நடுவில் ஓர் ஏட்டைச் செருக வேண்டுமென்றால் முத்திரையை உடைக்க வேண்டும். உடைத்தால் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் டிஜிட்டல் கையெழுத்து செய்வதும் இதே வேலையைத்தான்.

கிடைத்தல்: தேவைப்படும் நேரத்தில் உரியவர் கைக்கு வர வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் மதகு திறக்காவிட்டால் வயல் காயும். வங்கியில் பதிந்த சிம் கார்டு செயலிழந்து கிடந்தால், கணக்கில் பணம் இருந்தும் அப்படித்தான்.

இந்த மூன்று பூட்டையும் பெரும்பாலான திருடர்கள் உடைப்பதில்லை. நம்மையே திறக்க வைக்கிறார்கள். பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது அல்லவா? அந்தப் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் அனுப்புகிறார்கள். அதைப் போனில் ஏற்றி, கேட்கிற அனுமதியை எல்லாம் கொடுத்துவிட்டால், நமக்கு வரும் ஓ.டி.பி.யை அவர்களும் படித்துவிடுவார்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் புகார் போனால்தான் அதை நிறுத்திவைக்க வழி உண்டு.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. லீவுக்கு ஊருக்கு வரும்போது இந்த மூன்றையும் அப்பா, அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். பத்து நிமிடம் போதும். அவர்கள் ஏமாந்துவிட்டால், “இதுகூடத் தெரியாதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் விஷயத்தை வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள். அவர்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம்.