நட்சத்திர ரெய்டர்களில் யாரை வைத்துக்கொள்வது?

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் நோக்கிச் செல்லும் வழியில், ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் உள்ள ராசிங்காபுரத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் கபடியைத் தொலைக்காட்சி கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கவில்லை. மண்ணைக் கொத்திப் பதப்படுத்தி, சுண்ணாம்பால் கோடு போட்டு, பாடிச் செல்பவரின் மூச்சையும் பிடிப்பவரின் கையையும் கூர்ந்து கவனித்தே வளர்ந்த மக்கள் இவர்கள். ஆகையால், புரோ கபடி லீக்கின் ஏலம் நெருங்கும் காலங்களில், தமிழ் தலைவாஸ் அணி எவரை வைத்துக்கொள்ளும், எவரை விடுவிக்கும் என்பது இங்கே தேநீர்க் கடைகளிலும் உரிமையோடு விவாதிக்கப்படும் விஷயமாகிவிடுகிறது. "வருஷா வருஷம் ஆளை மாத்திக்கிட்டே இருந்தா டீம் எப்படி மாப்ள நிக்கும்?" என்று பெரியவர் ஒருவர் கேட்பார், "நல்ல ரெய்டர் சிக்கினா விட முடியுமா மாமா?" என்று இளைஞர் பதில் சொல்வார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த இரு நியாயங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதிகள் சொல்வது என்ன?

2014ல் தொடங்கிய இந்த லீக்கில் அணிகள் தம் விருப்பம்போல் பணத்தை வாரி இறைக்க இயலாது. 2022ல் ஓர் அணி தன் வீரர்களுக்காகச் செலவிடக்கூடிய மொத்தத் தொகை 4 கோடியே 40 லட்சம் ரூபாயாக இருந்தது. 2023ல் அது 5 கோடியாக உயர்ந்தது. இந்தப் பணத்துக்குள் குறைந்தது 18 பேர், அதிகம் போனால் 25 பேர் கொண்ட அணியை அமைத்துக்கொள்ள வேண்டும். ஏலத்துக்கு முன்னதாக, அனுபவம் முதிர்ந்த வீரர்கள், இளம் வீரர்கள், புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள் என்னும் பிரிவுகளில் சிலரை அணி தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். விடுவிக்கப்பட்ட ஒருவரை ஏலத்தில் வேறு அணி கேட்கும்போது, கடைசியாகக் கேட்கப்பட்ட விலையைத் தானே கொடுத்து அவரைத் திரும்பப் பெறும் உரிமையும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்டு, பழைய அணிக்கு உண்டு.

இவ்விதிகளின் விளைவு தெளிவானது. ஒருவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு லட்சமும் மற்ற பதினேழு பேருக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் உரிய பங்கிலிருந்து எடுக்கப்படுவது. எனவே, "இந்த வீரர் சிறந்தவரா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "இவரை வைத்துக்கொண்ட பிறகு கையில் மிஞ்சுவதைக் கொண்டு எத்தகைய அணியை அமைக்க முடியும்?" என்றும் கேட்டாக வேண்டும்.

புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

பாடிச் செல்லும் ரெய்டருக்கு ஒவ்வொரு முறையும் 30 விநாடிகளே அவகாசம். தொட்டுத் திரும்பினால் புள்ளி. பிடிபட்டால் எதிரணிக்குப் புள்ளி கிடைப்பதோடு அவரும் களத்தைவிட்டு வெளியேறி, தம் அணி ஒரு புள்ளி எடுத்துத் தம்மை மீட்கும் வரையில் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அணியின் பிரதான ரெய்டர் அவ்வாறு ஐந்து நிமிடம் வெளியே இருந்தாரானால், 40 நிமிட ஆட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அவரின்றியே கழிந்துவிடுகிறது. அவரை மீண்டும் களத்துக்குள் கொண்டுவருபவர் யார்? பெரும்பாலும், பெயர் அதிகம் அறியப்படாத ஒரு கார்னர் வீரர் எதிரணி ரெய்டரின் கணுக்காலைப் பற்றி எடுத்துத் தரும் ஒரு புள்ளியோ, இரண்டாவது ரெய்டர் ஒருவர் தொட்டுவிட்டு வரும் ஒரு புள்ளியோதான் அந்தக் காரியத்தைச் செய்கிறது.

தொடர்ந்து இரண்டு முறை புள்ளியின்றித் திரும்பிய பின்னர் வரும் மூன்றாவது பாட்டு, புள்ளி எடுத்தே ஆகவேண்டிய கட்டாயப் பாட்டு. அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ள இன்னொருவர் இல்லாத அணியில், எத்தனை பெரிய ரெய்டரும் களைத்துப்போவார். அவர் எந்தப் பக்கம் திரும்புவார், எப்போது போனஸ் கோட்டைக் கடப்பார் என்பதை எதிரணியும் கற்றுக்கொண்டுவிடும். ஆகவே ஒரு ரெய்டரின் பெயருக்கு எதிரே அச்சாகும் புள்ளிக் கணக்கில், அவருடைய திறமையோடு, அவரைச் சூழ்ந்து நின்றவர்களின் உழைப்பும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது என்பதை மறத்தலாகாது.

பாட்னா எடுத்த முடிவு

இதற்குத் தக்க சான்று பர்தீப் நர்வாலின் சரித்திரம். பெங்களூரு அணியில் அறிமுகமாகி, அங்கே பெரிதாகப் பிரகாசிக்காமல் போன அந்த இளைஞரை, பாட்னா பைரேட்ஸ் தன்னிடம் சேர்த்துக்கொண்டு, மேலும் மேலும் பாடும் வாய்ப்பளித்து வளர்த்தது. அதன் பலனாக 2016ல் நடந்த இரண்டு பருவங்களிலும் 2017லும் அந்த அணி தொடர்ச்சியாகக் கோப்பையை வென்றது. 2017 பருவத்தில் மட்டும் பர்தீப் 369 ரெய்டு புள்ளிகளைக் குவித்தார். வளரும் பருவத்தில் இருக்கும் வீரரைப் பொறுமையோடு வைத்துக்கொள்வதன் பயனுக்கு இதனினும் சிறந்த உதாரணம் இந்த லீக்கில் இல்லை.

ஆனால் அதே பாட்னா, 2021 ஏலத்துக்கு முன் அவரை விடுவித்தது. உத்தரப் பிரதேச அணியான யூ.பி. யோத்தா அவரை 1 கோடியே 65 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அதுவரை இந்த லீக்கில் எவரும் பெறாத விலை அது. அபிமானிகள் பலர் பாட்னாவின் செயலை விவேகமற்றதென்று கருதினார்கள். நடந்தது வேறு. அந்தப் பருவத்தின் அரையிறுதியில் பாட்னாவும் யூ.பி. யோத்தாவும் நேருக்கு நேர் மோதியபோது, பாட்னா 38–27 என்ற கணக்கில் வென்றது; இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான் தில்லியிடம் தோற்றது. புள்ளிகளைப் பல ரெய்டர்களிடையே பகிர்ந்து, ஈரானிய இளைஞர் முகமத்ரேசா ஷாத்லூயியை மையமாக வைத்து உறுதியான தற்காப்பை அந்த அணி கட்டியிருந்தது. பர்தீப்பின் கீர்த்திக்கு இதனால் குறைவொன்றும் இல்லை. லீக் வாழ்க்கையில் 1,801 ரெய்டு புள்ளிகள் எடுத்த மகத்தான வீரர் அவர். எனினும் 2025 ஏலத்தில் அவரை எந்த அணியும் கேட்கவில்லை என்பதும், அதன் பின் அவர் ஓய்வை அறிவித்தார் என்பதும், சரீர பலத்தையே மூலதனமாகக் கொண்ட இந்தத் தொழிலின் கடுமையை நமக்கு உணர்த்துகின்றன.

தலைவாஸின் எட்டுப் பருவங்கள்

2017ல் லீக்கில் நுழைந்த தமிழ் தலைவாஸ், தொடக்க ஆண்டுகளில் அஜய் தாக்கூரையே பெரிதும் நம்பியிருந்தது. அவர் சோர்வின்றிப் புள்ளிகளைச் சேர்த்தும் அணி மேலே வரவில்லை. 2019ல் அவரோடு ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லார் ஆகிய புகழ்பெற்ற வீரர்களும் ஒரே அணியில் நின்றார்கள். காகிதத்தில் அதைவிட வலிமையான அணி வேறில்லை என்று பலரும் எண்ணினர். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடமே கிடைத்தது.

2022 ஏலத்தில் ரெய்டர் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு, அதாவது அணியின் மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் கொடுத்து, தலைவாஸ் வாங்கியது. அக்டோபர் 8ஆம் தேதி பெங்களூருவில் குஜராத்தோடு முதல் ஆட்டம். எதிரணிக்காகப் பாடி வந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த சந்திரன் ரஞ்சித். அவரைப் பிடிக்கப் பாய்ந்த பவனின் முழங்கால் அந்தக் கணத்தில் திருகிக்கொள்ள, அவர் விரிப்பின்மேலேயே விழுந்து கிடந்தார்; ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள்ளேயே அவரை வெளியே கொண்டுசெல்ல நேர்ந்தது. அந்தப் பருவத்தில் அவர் பிறகு ஆடவே இல்லை.

அணி சிதறிப்போயிருக்க வேண்டிய அந்தச் சந்தர்ப்பத்தில்தான், நரேந்தர் என்னும் புது இளைஞர் பாடத் தொடங்கினார். அஜிங்கிய பவார் அவருக்குத் துணை நின்றார். முந்தைய பருவத்திலேயே தேர்ந்துவிட்ட சாகர் ராத்தி தலைமையேற்றுத் தற்காப்பைக் காத்தார். நரேந்தர் தம் முதல் பருவத்திலேயே 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். தலைவாஸ் தன் சரித்திரத்திலேயே முதன்முறையாகப் பிளேஆஃப் சுற்றை எட்டி, யூ.பி. யோத்தாவைச் சமன்முறிப்பில் வென்று, அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37–39 என்று நூலிழையில் தோற்றது. அணியின் ஆகச் சிறந்த பருவம், அது வாங்கிய விலையுயர்ந்த வீரர் ஆட முடியாமற்போன பருவமாக அமைந்தது.

அதன் பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2023–24ல் ஒன்பதாம் இடம். 2024ல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தும் மறுபடி ஒன்பதாம் இடம். 2025ல் அர்ஜுன் தேஷ்வால் 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வந்தார். பவனும் திரும்ப வந்து பருவத்தின் நடுவிலேயே பிரிந்தார். முதல் எட்டு இடங்களுக்குள் அணி வரவில்லை.

விலையும் மதிப்பும்

போடி ஏலக்காய் ஏலத்தைக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரே தரத்துக் காய், வாங்க வந்திருக்கும் வியாபாரிகளின் போட்டியைப் பொறுத்து, ஒரு நாள் ஏறியும் மறு ஏலத்தில் இறங்கியும் போகும். காயின் மணம் அதனால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வீரர்களின் விலையும் அத்தகையதே. 2022ல் 2 கோடியே 26 லட்சத்துக்குப் போன பவன், 2023ல் தெலுங்கு டைட்டன்ஸால் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கும், 2024ல் அதே அணியால் 1 கோடியே 72 லட்சத்து 50 ஆயிரத்துக்கும், 2025ல் தலைவாஸால் 59 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் எடுக்கப்பட்டார். அந்த உச்ச விலையைக் கொடுத்த பருவத்தில் டைட்டன்ஸ் அணி பட்டியலின் கடைசியில் நின்றது.

அப்படியானால் பெருந்தொகை கொடுப்பதே தவறா என்றால், அதுவும் இல்லை. 2 கோடியே 35 லட்சம் கொடுத்து ஷாத்லூயியை வாங்கிய புனேரி பல்டன் 2024 மார்ச்சில் கோப்பையை வென்றது. அடுத்த ஏலத்தில் 2 கோடியே 7 லட்சத்துக்கு அவரைப் பெற்ற ஹரியானா ஸ்டீலர்ஸ் அந்த ஆண்டின் டிசம்பரில் வென்றது. ஆனால் புனே அதற்கு முன்பே அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், நம் தமிழகத்து அபினேஷ் நடராஜன் முதலிய இளைஞர்களைப் பருவந்தோறும் விடாமல் வைத்துக்கொண்டு பழுக்க வைத்திருந்தது. அந்த அஸ்திவாரத்தின்மேல்தான் விலையுயர்ந்த ஒருவரை ஏற்றியது. அவரும் வெறும் ரெய்டர் அல்லர். பிடிப்பதிலேயே பெரும் பங்காற்றி, தேவைப்படும்போது பாடவும் வல்லவர். அதே ஷாத்லூயியை 2025ல் 2 கோடியே 23 லட்சத்துக்கு வாங்கிய குஜராத் முதல் எட்டுக்குள் வரவில்லை. கோப்பை வென்றபோதும் வெல்லாதபோதும் வீரர் ஒருவரே; அவரோடு நின்ற அணிகளே வேறு.

எதைக் கொண்டு முடிவு செய்வது?

மேற்கண்டவற்றிலிருந்து, ஒரு ரெய்டரை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு நான்கு பரிசோதனைகளை வகுக்கலாம். முதலாவது, அவருக்குக் கொடுத்த பின் இரண்டு நல்ல கார்னர்களுக்கும் இரண்டாவது ரெய்டருக்கும் பணம் மிஞ்சுகிறதா என்பது. இரண்டாவது, மொத்தப் புள்ளியை மட்டும் பார்க்காமல், அவர் எத்தனை முறை பிடிபடுகிறார், கட்டாயப் பாட்டில் எப்படித் தேறுகிறார் என்பது. மூன்றாவது, வயதும் காயமும். போன ஆண்டின் கீர்த்திக்கு வரும் ஆண்டின் ஊதியத்தைக் கொடுக்கலாகாது. நான்காவது, அவர் உடன் ஆடும் இளைஞரை வளர்க்கிறாரா, அல்லது அவருடைய இருப்பால் அந்த இளைஞருக்குப் பாடும் வாய்ப்பே இல்லாமல் போகிறதா என்பது.

நட்சத்திர வீரரால் அரங்கம் நிறைகிறது, சிறுவர்கள் அவரைப் பார்த்து விளையாட வருகிறார்கள் என்னும் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஆண்டுக்கொரு நட்சத்திரம் வந்து போகும் அணியில் சிறுவர்களின் அபிமானம் வேர் பிடிப்பதற்கே காலம் போதுவதில்லை.

இந்த நான்கு பரிசோதனைகளாலும் பார்க்கும்போது, என் முடிவு இது. அர்ஜுன் தேஷ்வால் போன்ற ஒரு ரெய்டரை, அணியின் மொத்தத் தொகையில் பத்தில் மூன்று பங்குக்கு மேற்படாத விலையில் கிடைக்கும் வரையில், வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் வணக்கம் சொல்லி விடைகொடுப்பதே முறை. அதே தரத்தில் இரண்டாவது நட்சத்திரம் ஒருவருக்காகப் பணத்தை முடக்க வேண்டாம். குறைந்த ஊதியத்தில் நிற்கும் இளம் பிடிவீரர்களையும் இரண்டாவது, மூன்றாவது ரெய்டர்களையும், ஒரு பருவம் தோற்றுப்போனாலும், கலைக்காமல் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது சேர்த்து வைத்திருக்க வேண்டும். தலைவாஸ் நிர்வாகத்தினர் அந்தப் பட்டியலை எழுதும்போது, தேனி மாவட்டத்திலும் அதைப் போன்ற மாவட்டங்களிலும் மண் களத்தில் பாடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் சில இடங்களை ஒதுக்கி, அவர்களைப் பொறுத்திருந்து வளர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.