ஊசி எனக்கா, ஊருக்கா?

தடுப்பூசி ஏற்றிக்கொள்வது சொந்த விருப்பமா, சமூகக் கடமையா? 2021இல் கொரோனாத் தடுப்பூசி சப்ரகமுவ தோட்டங்களுக்கு வந்தபோது லயத்துக்கு லயம் எழுந்த கேள்வி இது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டப் பெண்களோடு பேசியதிலிருந்து சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தயங்கிய பெண்களை 'அறியாதவர்கள்' என்று ஒதுக்குவது சுலபம். அவர்களது காரணங்களையும் கேட்க வேண்டாமா? "காய்ச்சல் வந்தா ரெண்டு நாள் பேர் போயிரும். அத யாரு மிஸ் குடுப்பா?" என்றார் இறப்பர் பால் வெட்டும் ஒரு தாய். நாட்சம்பளம் 1,000 ரூபாவானதே அந்த ஆண்டு மார்ச்சில்தான். 'பிள்ளை பிறக்காமல் செய்யும் ஊசி' என்ற வதந்தி பரவியதற்கும் பின்னணி உண்டு. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுக்கப்பட்டதை மூத்த பெண்கள் மறக்கவில்லை.

ஆனால் தராசின் மறுதட்டையும் பார்ப்போம். ஊசியால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். நோயோ 2021 ஆகஸ்ட் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு சுமார் 200 உயிர்களைப் பறித்தது. கர்ப்பிணிகளுக்கு நோய் கடுமையாகலாம் என்பதால் அவர்களுக்கும் அவ்வாண்டு ஜூனில் ஊசி ஏற்றத் தொடங்கினார்கள். இந்த ஊசிகள் கருவளத்தைப் பாதிக்கவில்லை என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் காட்டின.

ஊசி ஏற்றியவருக்கும் தொற்று வரலாம். மரணத்திலிருந்தும் கடும் நோயிலிருந்தும் காப்பதே அதன் முதற்பயன். பரவுவதை ஓரளவே குறைக்கும். ஆயினும் ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கும் லயத்தில் யாரால் ஒதுங்கியிருக்க முடியும்? அங்கே அந்த 'ஓரளவு' கூட வயதான ஆச்சிக்குப் பெரிய காவல்.

போரைக் கண்ட சகோதரிகளுக்கு இது புதிதல்ல. 1995 முதல் நடந்த போலியோ சொட்டுமருந்து நாட்களுக்காக வடக்கு கிழக்கில் துப்பாக்கிகள் ஓய்ந்ததுண்டு. கிருமிக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதை இரு தரப்பும் ஏற்றன. 1993க்குப் பிறகு இலங்கையில் போலியோ நோயாளி எவரும் பதிவாகவில்லை. ஷெல்லுக்குப் பயந்த நாட்களிலும் பிள்ளைகளைத் தூக்கிச் சென்ற தாய்மாருக்கு இதில் பெரும் பங்குண்டு.

எனவே என் கருத்து இதுதான். ஊசி ஏற்றுவது நமக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. ஆனால் ஊருக்காக ஏற்று என்று கேட்பவர்கள், காய்ச்சல் நாளின் சம்பளத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். இன்னொரு தொற்றுநோய் வருமுன்பே, சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று உங்கள் மாதர் சங்கம் தோட்ட நிர்வாகத்திடம் கேட்கட்டும். சந்தேகங்களைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். விளக்கம் பெறுவது உங்கள் உரிமை.